அலமாரிக்குள் நாற்பது ஓவியங்கள்

கேள்வி: யாரிடமும் கற்காமல் ஆறு ஆண்டுகளாக நீர்வண்ணம் தீட்டுகிறேன். நாற்பது ஓவியங்கள் அலமாரியில் தூங்குகின்றன. வெளியே காட்ட நினைத்தாலே, "விரல்கள் சரியில்லை" என்று மனம் முணுமுணுக்கிறது. (உண்மைதான்; கையா கரண்டியா என்று எனக்கே தெரியாது.) நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

பதில்: மிகவும் பிடித்ததை விட்டுவிட்டு, இரண்டாவதாகப் பிடித்ததைப் படமெடுத்து இணையத்தில் போடுங்கள். குறை சொன்னாலும் அவ்வளவாக வலிக்காது. நான் அப்படித்தான் தப்பித்தேன்.

பதில்: அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸும் தானாகக் கற்றவர்தான். முதல் தனிக் கண்காட்சி 1940இல், 80 வயதில். உங்களுக்கு என்ன அவசரம், என்ன தயக்கம்?

பதில்: படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். வெயில் நேரடியாக விழாத சன்னலோரம் போதும்.

கேட்டவர்: நேற்றிரவு குடை ஓவியத்தைப் போட்டுவிட்டு, செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காலையில் ஒரே ஒரு கருத்து: "குடை இன்னும் சொட்டுகிறதே!" விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.