மிருதங்கத்தை ஜூமில் கற்க முடியுமா?

பொங்கோல் அப்பா:
மகன் தொடக்கநிலை 4. ஒன்றரை வருடமாகச் சென்னை ஆசிரியர் ஒருவரிடம் ஜூமில் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை, கற்கிறான். சனிக்கிழமை சிங்கப்பூரில் நமக்குக் காலை பத்து மணி, அவருக்கு ஏழரை. இப்போது மிருதங்கமும் தொடங்கலாம் என்கிறார். என் மாமா, "திரையில் பார்த்துப் படிப்பது வித்தையே இல்லை, முதலில் இதை நிறுத்து" என்று பிடிவாதமாகச் சொல்கிறார். வீட்டில் பெரிய வாக்குவாதம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வலந்தலை:
நான் உங்கள் மாமா பக்கம். இருபது வருடமாக வாசிக்கிறேன், சில பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். மிருதங்கத்தில் 'நம்' என்று ஒலிக்கும் ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் விளிம்பில் விழும்போது மோதிர விரல் தோலைப் பட்டும் படாமல் தொட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டும் படாமல் எவ்வளவு என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. என் குரு என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தித்தான் காட்டினார். இன்றும் அந்த எடை எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்தது நாதம். தோல் வாத்தியங்களில் மிருதங்கம் எவ்வளவு அபூர்வமானது என்று சர் சி. வி. ராமன் 1920இலேயே எழுதியிருக்கிறார். வலந்தலை என்னும் வலது முகத்தின் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான கருஞ்சோறுதான் அதன் மேல்சுரங்களை ஒத்திசைய வைக்கிறது. ஜூம் அந்த நாதத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. தொப்பி என்னும் இடது முகத்தில் கும்கி என்ற ஆழ்ந்த, வளைந்து எழும் ஒலியைக் கொடுத்தால் கைப்பேசி ஒலிபெருக்கியில் ஏதோ தட்டும் சத்தம்தான் வரும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மேடையில் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். அந்தப் பரம்பரையின் வாத்தியத்தை மடிக்கணினி வழியாகக் கற்பதா?

செங்காங் தாதி:
எனக்குக் கோபம் வருகிறது சார். நான் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. இந்த வாரம் காலை, அடுத்த வாரம் இரவு. மகளை வாரா வாரம் ஒரே நேரத்தில் வகுப்புக்குக் கூட்டிப்போக முடியாது. ஜூம் இல்லாவிட்டால் அவளுக்குத் தாளமே கிடைத்திருக்காது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊரே அடைந்து கிடந்தபோது நேர் வகுப்புகளும் திரைக்குத்தானே வந்தன? அப்போது யாரும் வித்தை இல்லை என்று சொல்லவில்லையே.

ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் அந்த வெட்டு பெருமளவு நின்றுவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

வலந்தலை:
தங்கச்சி, உங்கள் சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் இணையத்தில் மட்டும் கற்ற ஒரு பையன் என்னிடம் வந்தான். யாரிடம் கற்றான் என்பது இங்கே வேண்டாம். பாடம் நிறைய வைத்திருந்தான், முத்தாய்ப்பாக வரும் கோர்வைகூடச் சொல்வான். ஆனால் மணிக்கட்டு இறுகிக் கிடந்தது. தோளில் இருந்து அடித்துக்கொண்டிருந்தான். அதை அவிழ்க்க எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் அவன் 'த தி தொம் நம்' மட்டும்தான் வாசித்தான். பாவம், இரண்டு முறை அழுதிருக்கிறான்.

இணைய வகுப்பில் தாளமும் நிற்காது. ஆசிரியர் தட்டுவது பிள்ளைக்குத் தாமதமாக வரும், பிள்ளை சொல்வது அவருக்கு இன்னும் தாமதமாகப் போகும். சேர்ந்து வாசிப்பதே முடியாது. அப்புறம் லயம் எங்கே?

தேக்கா மாணவன்:
52 வயதில் கொன்னக்கோல் தொடங்கியவன் நான். மூன்று வருடமாக ஜூமில்தான். கை விஷயத்தில் வலந்தலை அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. தாளம் பற்றிச் சொன்னதில்தான் நான் உடன்படவில்லை.

சேர்ந்து சொல்ல முடியாது, உண்மை. அதனால் என் ஆசிரியர் தாளம் போடுவதே இல்லை, நான்தான் போட வேண்டும். என் கையும் என் வாயும் ஒரே தாமதத்தோடு அவருக்குப் போகின்றன. ஆகவே எங்கே ஓடினேன், எங்கே இழுத்தேன் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. நேர் வகுப்பில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தால் ஆசிரியர் தொடையில் தட்டுவதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம். சின்ன வயதில் நான் அப்படித்தான் தப்பித்தேன், கடைசிவரை தாளம் வரவில்லை. திரையில் சாய்ந்துகொள்ள ஆள் இல்லை.

ஒரு சோதனை. ஆதி தாளம், எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, அட்சரத்துக்கு மாத்திரை என்னும் சிறு பிரிவு நான்கு, ஆக 32. ஐந்து மாத்திரையுள்ள 'தகதகிட' ஆறு முறை சொன்னால் 30, கடைசியில் 'தக' சேர்த்தால் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்துவிடலாம். பொங்கோல் பிள்ளை கையில் தாளத்தோடு இதை நாலு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் நாலு முழுச் சுற்று, சொல்கிறானா? சொன்னால் அந்த வகுப்பை யாரும் நிறுத்தாதீர்கள்.

பொங்கோல் அப்பா:
இப்போதுதான் சொல்லச் சொன்னேன். நாலு ஆவர்த்தனமும் சொன்னான். மூன்றாவதில் கொஞ்சம் ஓடினான், தானே நிறுத்தி மறுபடி தொடங்கினான். நான் எதுவும் சொல்லவில்லை.

வலந்தலை:
தானே நிறுத்தினான் என்றால் அந்த ஆசிரியர் நன்றாகச் செய்திருக்கிறார். கொன்னக்கோல் தொடரட்டும், அதில் இனி நான் வாதாடவில்லை. மிருதங்கத்தில் மட்டும் என் சொல் மாறாது. முதல் ஒரு வருடமாவது நேரில் ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். 1949 முதல் இருக்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

செங்காங் தாதி:
ஒரு வருடம் நேரில் என்றால் என்னைப் போன்றவர்களுக்கு அதுவும் கதவை மூடுவதுதான். மாதம் ஒரு நாள் நேரில் கை பார்த்து, மீதியைத் திரையில் நடத்த யாராவது முன்வருவார்களா?

வலந்தலை:
மாதம் ஒரு நாள் போதாது. இரண்டு நாள் என்றால் நான் பார்க்கிறேன். ஈசூனில் இருக்கிறேன், உங்கள் ஷிப்ட் அட்டவணையைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மிருதங்கம் வாங்கிவிட வேண்டாம், என்னிடம் சின்னது ஒன்று சும்மா இருக்கிறது. தொப்பியில் பிசைந்து ஒட்ட ரவை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், பிசைவதில் இருந்தே தொடங்கலாம்.