அம்மாவின் காப்பீட்டுத் திட்டத்தோடு ஒப்பந்தமாம், நம்பலாமா?

திருச்சிக்காரி
அவசரம். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து நேற்றுதான் வீடு வந்தார். இன்று காலை ஒரு பெண்மணி அழைத்து, அம்மாவின் காப்பீட்டுத் திட்டத்தோடு தங்கள் அமைப்புக்கு ஒப்பந்தம் இருக்கிறது, சாப்பாடு அனுப்புவோம், குளியலறையில் கைப்பிடி பொருத்தித் தருவோம், செலவு கிடையாது என்றார். அமைப்பின் பெயர் அம்மாவின் காப்பீட்டு அட்டையில் எங்கும் இல்லை. பிறந்த தேதியும் உறுப்பினர் எண்ணும் கேட்டதும் பயந்து போனை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயாக வேண்டும். அம்மாவை யார் பார்ப்பது?

டெட்ராய்ட் அண்ணன்
எதையும் சொல்லாதீர்கள் தங்கச்சி. இந்த நாட்டில் இலவசம் என்று எவன் கூப்பிட்டாலும் திருடன்தான். நான் வந்த முதல் குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விழுந்து, பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனேன். அந்தப் பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உடனே அம்மாவுக்கு நல்ல விசிட்டர் காப்பீடு எடுங்கள்.

ஹூஸ்டன் மாமி
விழுந்த பிறகு எடுத்து என்ன பயன் அண்ணா? முதலில் அவர் விசிட்டரா, கிரீன் கார்டா என்று கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் கதையே வேறு.

பொறுமையிலான்
கிரீன் கார்டு என்றால் அரசாங்க உதவியைத் தொடவே கூடாது. குடியுரிமையில் கை வைத்துவிடுவார்கள்.

ஹூஸ்டன் மாமி
யார் சொன்னது? அரசாங்க உதவியை நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் சோதனை கிரீன் கார்டு வாங்கும்போது நடப்பது. வாங்கியவருக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் அது கிடையாது. ஆனால் ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால் சிக்கல் வரலாம்.

பொறுமையிலான்
என்னவோ போங்கள். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கும் ஊர் இது. நம் ஊரில் மருந்துக்கடைக்காரரே பாதி வைத்தியம் பார்த்துவிடுவார்.

டெட்ராய்ட் அண்ணன்
அதைச் சொல்லுங்கள்! பல் பிடுங்கவே ஊருக்குப் போய் வந்தவன் நான்.

திருச்சிக்காரி
ஐயா, எனக்குத் திங்கட்கிழமை கழுத்தில் நிற்கிறது. நாங்கள் கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட். அம்மாவுக்குக் கிரீன் கார்டு கிடைத்து இரண்டாவது வருடம். மெடி-கால், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த மாநிலம் தரும் அரசு மருத்துவக் காப்பீடு, இருக்கிறது.

வளைகுடா வாசி
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அண்ணனின் பில் கதை மிச்சமாகியிருக்கும். இங்கே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் முதியோருக்கான சிறு சேவை அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். அந்த அழைப்பு உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2022 ஜனவரியில் தொடங்கிய கால்எய்ம் என்ற மெடி-கால் சீர்திருத்த ஏற்பாட்டில், மருத்துவம் அல்லாத சில உதவிகளுக்கும் மெடி-கால் திட்டங்கள் பணம் கொடுக்கலாம். சாப்பாடு கொடுப்பவர், கைப்பிடி பொருத்துபவர் என்று ஒவ்வொரு சிறு அமைப்போடும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுவது காப்பீட்டுத் திட்டத்துக்குத் தலைவலி. எங்களைப் போன்றவர்களுக்கோ பில் போடவும் தகவல் பாதுகாப்பு விதிகளைச் சமாளிக்கவும் ஆள் கிடையாது. அதனால் நடுவில் ஓர் அமைப்பு நின்று ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வேலையை எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதன் பெயர் அட்டையில் இருக்காது.

ஆனாலும் வந்த அழைப்பில் எண்ணைச் சொல்லாதீர்கள். அட்டையின் பின்புறமுள்ள உறுப்பினர் சேவை எண்ணுக்கு நீங்களே அழைத்து, இன்ன அமைப்போடு ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். அம்மாவும் பேச வேண்டியிருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் இலவசமாகத் தர வேண்டும்.

திங்கட்கிழமைக்கு: கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் ஐஎச்எஸ்எஸ் என்ற வீட்டுப் பராமரிப்புத் திட்டத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அதில் குடும்பத்தினரே சம்பளம் பெற்றுப் பார்த்துக்கொள்ளலாம். ஒப்புதல் வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் 'தனிநபர் பராமரிப்பு, வீட்டு வேலை உதவி' என்று கால்எய்மில் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்மணியிடம் சாப்பாட்டுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். இந்தத் திங்கட்கிழமைக்குள் கிடைப்பது சந்தேகம், இரண்டு நாள் விடுப்பு கேட்டு வையுங்கள். சாப்பாடு நாளுக்கு 2 வேளை, 12 வாரம் வரை வரும். சைவம் என்று அழுத்திச் சொல்லுங்கள், ரசம் சாதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

சான் டியேகோ தம்பி
அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. என் அப்பாவுக்கு இப்படித்தான் ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார், அவர் மற்றொருவரிடம் அனுப்பினார். கடைசியில் யாரும் வரவில்லை.

வளைகுடா வாசி
நடக்கிறது தம்பி, மறுக்கவில்லை. இரண்டு அமைப்புகளுக்கு நடுவே பரிந்துரை தொலைந்துபோவதுதான் இதில் பெரிய ஓட்டை. அதனால் அழைத்தவர் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, புகாரை நடுவில் இருப்பவரிடம் கொடுக்காமல் காப்பீட்டுத் திட்டத்திடமே கொடுக்க வேண்டும். பொறுப்பு அவர்களுடையது. மறுத்தால் கடிதமாகக் கேளுங்கள், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

திருச்சிக்காரி
அட்டை எண்ணில் பேசிவிட்டேன் அக்கா. ஒப்பந்தம் உண்மைதான், நாளை வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். கைப்பிடி பொருத்த வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்கிறார்கள், நாங்கள் இருப்பது வாடகை அபார்ட்மெண்ட். அந்தக் கடிதத்துக்கு மாதிரி யாரிடமாவது இருக்கிறதா?