ஃப்ரீகேடில் வரைந்த பூமராங் திரும்பி வரவில்லை, உதவி தேவை

மேகலை_கேட்: ஃப்ரீகேடில் (முப்பரிமாண வடிவம் வரையும் மென்பொருள்) பூமராங் வரைந்து 3டி அச்சில் அச்சிட்டுவிட்டேன். எறிந்தால் கொஞ்ச தூரம் போகிறது, தள்ளாடுகிறது, விழுந்துவிடுகிறது. திரும்புவதே இல்லை. மென்பொருளில் எதை மாற்ற வேண்டும்? கொஞ்சம் அவசரம்.

மரத்தூள்: பூமராங்குக்கு எத்தனை கை (இறக்கை)? வலது கையால் எறிகிறீர்களா, இடது கையாலா? என்ன பிளாஸ்டிக், எத்தனை கிராம்? குறுக்குவெட்டுப் படம் ஒன்று போடுங்கள்.

அளவுகோல்: எனக்கு அலகில்தான் சந்தேகம். அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகே பதிவாகாது. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாக எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும்.

மரத்தூள்: அப்படி ஆகியிருந்தால் அச்சுத் தட்டிலேயே அடங்கியிருக்காதே.

முதுகாற்று: இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியாயிற்று! முதலில் பழைய இழைகளைத் தேடிப் படியுங்கள். அரம் பிடித்து 5 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் ஒன்றாவது செய்து பழகாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

மேகலை_கேட்: 2 கை. வலது கையால்தான் எறிகிறேன். பெட்ஜி பிளாஸ்டிக், 34 கிராம். அடி தட்டை, மேல்பக்கம் வளைவு. ஒரு கையை லாஃப்டில் (குறுக்குவெட்டுகளை இணைத்து உருவம் ஆக்கும் கருவி) செய்து, அதையே மிரர் செய்து (கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி) மறு கையை எடுத்தேன்.

கோணமானி: பிசகு அந்த மிரரில்தான் இருக்கிறது. வலது கைக்கான பூமராங், வளைந்த மேல்பக்கத்திலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அந்தச் சுழற்சியில் எந்த விளிம்பு முன்னால் போகிறதோ அது தடித்து உருண்டிருக்க வேண்டும், பின்விளிம்பு மெலிந்திருக்க வேண்டும். வளைவின் முனை மேலே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். வலப்பக்கக் கைக்கு வெளி விளிம்பு முன்விளிம்பு, இடப்பக்கக் கைக்கு உள் விளிம்பு. மிரர் செய்தால் இரண்டிலும் ஒரே பக்கம் வந்துவிடும். அப்போது ஒரு கை காற்றில் பின்பக்கமாகப் போகும், சுழற்சி சீக்கிரம் செத்துவிடும்.

மிரருக்குப் பதில் போலார் பேட்டர்ன் (ஒரு அச்சைச் சுற்றிச் சுழற்றி நகலெடுக்கும் கருவி) போடுங்கள்: அச்சு முழங்கை (இரு கைகளும் சேரும் வளைவு) வழியாக, எண்ணிக்கை 2, கோணம் கைகளுக்கு இடையில் உள்ளது. அச்சிடும் முன் ஒவ்வொரு கையிலும் முனைக்குச் சற்று உள்ளே ஒரு வெட்டு எடுத்து, தடித்த பக்கம் நோக்கி அம்பு போடுங்கள். இரண்டு அம்பும் ஒரே சுற்றில் போக வேண்டும்.

சிறகு_ஆய்வு: வெறும் வடிவம் போதாது. எக்ஸ்எஃப்எல்ஆர்5-இல் குறுக்குவெட்டைச் சோதித்துப் பாருங்கள். நாகா 4412 என்ற இறக்கைக் குறுக்குவெட்டு நல்ல தொடக்கம்.

மரத்தூள்: அது விமான இறக்கைக்கான மென்பொருள். பூமராங் போகும்போதே சுழல்கிறது. மேலே வரும் கை காற்றை வேகமாக வெட்டுகிறது, கீழே உள்ளது மெதுவாக. அந்த வித்தியாசமும் கைரோ விளைவும் (சுழலும் பொருளைச் சாய்க்க முயன்றால் அது பக்கவாட்டில் திரும்புவது) சேர்ந்துதான் அது வளைகிறது. நேராகப் போகும் இறக்கையின் கணக்கு இதற்கு ஒத்துவராது.

சிறகு_ஆய்வு: குறுக்குவெட்டின் ஏற்றத்தையும் இழுவையையும் ஒப்பிடத்தான் சொன்னேன். முழுப் பறத்தலையும் கணக்கிடச் சொல்லவில்லை.

முதுகாற்று: இவ்வளவு கணக்கு எதற்கு? வேகமாக எறிந்தால் பெரிய வட்டம், மெதுவாக எறிந்தால் சின்ன வட்டம். அவ்வளவுதான்.

கோணமானி: அப்படியில்லை. ஃபெலிக்ஸ் ஹெஸ் 1975-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பூமராங் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். அந்த ஆய்வின்படி, வட்டத்தின் அளவு பெரும்பாலும் பூமராங்கின் வடிவத்தையும் எடைப் பரவலையும் பொறுத்தது, எறியும் வேகத்தை அல்ல. அதனால்தான் வரையும்போதே கவனம் தேவை என்கிறேன்.

முதுகாற்று: ஆய்வேட்டைப் படித்தா எல்லோரும் எறியக் கற்றார்கள்? களத்துக்கு வாருங்கள், பேசலாம்.

மரத்தூள்: கேட்டவரை விட்டுவிட்டு நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். மேகலை, செங்குத்தாகப் பிடித்து, லேசாக மட்டும் வெளிப்பக்கம் சாய்த்து எறிகிறீர்கள்தானே? படுக்கையாக எறிந்தால் சரியான பூமராங்கும் மேலே ஏறிவிட்டு விழும்.

மேகலை_கேட்: பேட்டர்ன் போட்டு மறுபடி அச்சிட்டேன். வளைந்து வருகிறது, பத்தடி முன்னால் விழுகிறது. எனக்கு இது போதும். நன்றி கோணமானி.

புதுவரவு_3: எனக்கும் இதே சிக்கல், ஆனால் 3 கை. 120 பாகை சுழற்றித்தான் எடுத்தேன், மிரர் போடவே இல்லை. மேகலை, உங்கள் கோப்பைப் பகிர முடியுமா?

கோணமானி: 3 கை என்றால் தனி இழை தொடங்குங்கள். எடை, எந்தக் கையால் எறிகிறீர்கள், குறுக்குவெட்டுப் படம், மூன்றையும் முதல் பதிவிலேயே போட்டுவிடுங்கள்.