நித்யோத்ஸவத்தைத் தமிழில் போடலாமா?

காவேரிக்கரை: ஸ்ரீவித்யை என்னும் அம்பாள் வழிபாட்டின் பெரிய ஆசிரியரான பாஸ்கரராயரின் சீடர் உமாநந்தநாதர் 1745-ல் எழுதிய ‘நித்யோத்ஸவம்’ பற்றி இங்கே பேச்சே காணோம். தஞ்சாவூர் மராட்டியர் காலத்து மனிதர். அந்த வழிபாட்டின் மூலநூலான பரசுராம கல்பசூத்திரத்தின் 10 கண்டங்களை 7 உல்லாசங்களாக்கி (அத்தியாயங்களாக்கி), தீட்சையில் தொடங்கி கணபதி, லலிதை, சியாமளை, வாராஹி, பரை என்று பூஜை முறை சொல்கிறார். பூஜைக்கான பானத்தைப் பாத்திரத்தில் தயார் செய்யும் அர்க்கியப் பகுதியைத் தமிழாக்கிவிட்டேன். மீதியையும் இங்கே போடலாமென்று இருக்கிறேன்.

மௌனகுரு: வேண்டாம் சார். மது, மாமிசம், மீன், முத்திரை, மைதுனம் என்ற பஞ்ச மகாரங்களைச் சொன்ன கையோடு கல்பசூத்திரம் என்ன சொல்கிறது? ‘தைரர்சனம் குப்த்யா, ப்ராகட்யான் நிரய:’. மறைவாகச் செய், வெளியே விட்டால் நரகம். மூலமே கதவைச் சாத்தியிருக்கிறது, நீங்கள் ஜன்னலைப் பெயர்க்கிறீர்கள்.

காவேரிக்கரை: மறைக்கச் சொன்னது அர்ச்சனையை, ஏட்டை அல்ல. பரோடாவில் கெய்க்வாட் நூல்வரிசையில் கல்பசூத்திரம், நித்யோத்ஸவம் இரண்டும் 1923-லேயே அச்சாகிவிட்டன. சம்ஸ்கிருதத்தில் படித்தால் புண்ணியம், தமிழில் படித்தால் நரகமா?

மௌனகுரு: எங்கள் வீட்டில், ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளுக்கும் செய்யும் நவாவரண பூஜையில் இடது கையில் இஞ்சித் துண்டு. அதை விசேஷார்க்கியமாக வைத்த பாலில் தோய்த்து, வலது கையால் பூப்போட்டு, ‘பூஜயாமி தர்ப்பயாமி நம:’ என்பார் அப்பா. புத்தகத்தில் அந்த இடத்தில் இருப்பது பால் இல்லை, மது; உங்களுக்கே தெரியும். குரு இல்லாமல் படிக்கிறவன் எதை ஊற்றுவான்?

பஞ்சமிதிதி: குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். யூடியூபில் வாராஹிக்கு விளக்கேற்றினால் கடன் தீரும் என்கிறார்கள். அவள் லலிதையின் தண்டநாதை, படைத்தலைவி என்பதுகூட அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதற்கு உமாநந்தர் எவ்வளவோ தேவலை. ஆனால் காவேரி சார், கல்பசூத்திரத்துக்கு உரை எழுதிய ராமேசுவரர் உமாநந்தரைப் பல இடங்களில் மறுக்கிறார். அதை மறைக்காமல் கூடவே போடுங்கள்.

காவேரிக்கரை: கட்டாயம் போடுகிறேன். மௌனகுரு சொன்ன பால் விஷயம் நியாயம். நானும் அங்கேதான் நான்கு நாள் நின்றேன். ஆனால் அதே பகுதியில் இன்னொன்று இருக்கிறது. பாத்திரம் வைக்கும் தாங்கி அக்னி, அதற்கு 10 கலை, அதாவது அம்சம். பாத்திரம் சூரியன், 12. உள்ளே நிறைவது சந்திரன், 16. ஒரு கிண்ணத்துக்குள் மூன்று சுடர்! இதைத் தமிழில் படித்து யார் கெட்டுப்போவார்கள்? முத்துசுவாமி தீட்சிதர் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளில், ஸ்ரீசக்கரத்தின் முதல் சுற்றான ‘த்ரைலோக்ய மோஹன’ சக்கரத்தைப் பேர் சொல்லியே பாடவில்லையா?

மௌனகுரு: தீட்சிதர் சக்கரத்தின் பேரைச் சொன்னார். மந்திரத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்து வைக்கவில்லை. அந்த இடத்தில் நீங்களும் நிறுத்தினால் எனக்குச் சண்டையே இல்லை.

காவேரிக்கரை: மந்திரத்தை எடுத்துவிட்டால் நித்யோத்ஸவத்தில் மிஞ்சுவது பாத்திரமும் பூவும்தான் ஐயா. திங்கட்கிழமை முதல் உல்லாசத்தைப் போடுகிறேன். திட்டுவதானால் அங்கே வந்து திட்டுங்கள்.