மூன்று அம்மன் ஒரே நாளில்: டாக்ஸியா, மின்சார ரயிலா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புதுவண்ணை மகள்

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்த அன்று நடந்தது. இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன். இந்த மூன்றையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கத்தை நம் வடசென்னை ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். ரயில் பேச்சையே எடுக்காமல் நாள் வாடகைக்கு ஒரு கால் டாக்ஸி பேசிவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். "நாங்க எட்டு பேர் ட்ரெயின்லதான் போறோம். பெரியம்மாவை எங்களோட அனுப்பு, நாங்க பார்த்துக்கறோம்" என்றார். "வேண்டாம்க்கா, வண்டி சொல்லிட்டேன்" என்று அனுப்பிவிட்டேன்.

மேலூர் தரிசனம் நன்றாக முடிந்தது. பத்து மணிக்குக் கிளம்பினோம். மணலி புதுநகர் தாண்டியதும் கன்டெய்னர் லாரி வரிசை. நகர்ந்தால் நான்கடி, நின்றால் கால் மணி நேரம். ஓட்டுநர் மேல் தப்பே இல்லை, அவரால் என்ன செய்ய முடியும்? ஒருவழியாகத் திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பினால் ரயில்வே கேட் போட்டிருந்தது. மணி 12.20.

மீஞ்சூர் பக்கமிருந்து மின்சார ரயில் வந்தது. ஸ்டேஷன் கிட்டே என்பதால் வேகம் குறைந்து மெதுவாகத்தான் போனது. பெண்கள் பெட்டி வாசலில் எதிர்வீட்டு அக்கா, கையில் பூக்கூடை. அவருக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும். அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினார். அக்கா பார்க்கவில்லை. ரயில் போன பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் மடியில் இருந்த தூக்குவாளியின் மேல் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயிலில் வரிசை நகரவே இல்லை. மூன்று மணிக்கு வடிவுடையம்மனைப் பார்த்தோம். அதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது. திருமுல்லைவாயல் போகாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால்தானே கணக்கு. "பரவாயில்லடி, ரெண்டாச்சு கிடைச்சுதே" என்று அம்மா சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வயதானவர்களை ரயிலில் கூட்டிப்போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

கத்திவாக்கம் அண்ணன்

தங்கச்சி, ரயில்தான். யோசிக்கவே வேண்டாம்.

என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு பழவேற்காடு போனபோது நடந்ததைச் சொல்கிறேன். மனிதர் மதுரைக்காரர், வடசென்னை என்றாலே புகையும் லாரியும்தான் என்று நினைத்திருந்தவர். எண்ணூர் தாண்டிக் கழிமுகப் பாலத்தின் மேல் ரயில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். அந்த வலை விரிந்து விழுந்த நொடியில் மாமனார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். "இந்தப் புகைக்கு நடுவுலயுமா மீன் பிடிக்கறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நானும் அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன்தான். டாக்ஸியில் போயிருந்தால் லாரி டயரைத்தான் பார்த்திருப்பார்.

செலவும் பாருங்கள். மீஞ்சூருக்கு ஆளுக்கு 10 ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு டிக்கெட்டே இல்லை. மீஞ்சூர், திருவொற்றியூர், பேசின் பிரிட்ஜில் இறங்கி ஆவடி வண்டி மாறினால் திருமுல்லைவாயல். கேட் போட்டாலும் நமக்கென்ன, கேட்டே நமக்காகத்தான் போடுகிறார்கள்.

---

வியாசர்பாடி அம்மா

அண்ணா, "பேசின் பிரிட்ஜில் மாறினால்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியில்தான் என் மகளைத் தொலைத்திருப்பேன்.

நாங்களும் இதே மூன்று அம்மன்தான். நான், மாமியார், எட்டு வயது மகள், கைக்குழந்தை. ஆண்துணை இல்லை. நடைபாலம் ஏறி இறங்குவதற்குள் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. ஆவடி வண்டி வந்து நின்றது. மகள் குதித்து ஏறிவிட்டாள். நான் மாமியாரின் கையைப் பிடித்து ஏற்றப் பார்த்தேன். படி உயரம், அவர் காலைத் தூக்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. இழுத்துக் கீழே விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது? உள்ளே என் பெண் "அம்மா" என்று கத்துகிறாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "ஜீவால இறங்கி உட்கார்ந்திருக்கோம், நீ பதறாம வா" என்றார்.

அடுத்த வண்டி வரும்வரை நான் இருந்த நிலையை எழுத முடியாது. வியாசர்பாடி ஜீவாவில் இறங்கினால், சிமென்ட் பெஞ்சில் இருவரும் இருந்தார்கள். அந்த அம்மா என் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர், தோளில் பையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. எனக்காக வண்டியை விட்டிருக்கிறார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நாலு பேருக்கு மேல் போனால், அதிலும் வயதானவர் இருந்தால், எனக்கு வண்டிதான். லாரிக்குப் பின்னால் நின்றாலும் என் பிள்ளைகள் எல்லாம் ஒரே கதவுக்குள் இருப்பார்கள். புதுவண்ணை மகளே, நீங்கள் வண்டி பேசியது தப்பில்லை.

---

கத்திவாக்கம் அண்ணன்

வியாசர்பாடி அம்மா, படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் அது ரயிலின் குற்றமா? கைக்குழந்தையோடு தனியாக மூன்று பேரை அழைத்துப் போனதுதான் பாரம். கூட ஒருவர் இருந்திருந்தால்?

---

வியாசர்பாடி அம்மா

கூட ஒருவர் இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இல்லையே அண்ணா. எங்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படித்தான். பகலில் கோயிலுக்கு வர ஆண்களுக்கு லீவு யார் தருகிறார்கள்?

---

22 வருட சீசன்

பொன்னேரியிலிருந்து 22 வருடம் சீசன் டிக்கெட்டில் போய் வந்தவன் நான். ஒரு தடவை அனுப்பம்பட்டில் வண்டி நின்றபோது பேரன் "தாத்தா, ஒண்ணுக்கு" என்று அழுதான். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நின்ற வண்டி, இறங்கவும் முடியாது, எப்போது எடுப்பான் என்றும் தெரியாது. காலி தண்ணீர் பாட்டில் காப்பாற்றியது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இங்கே நடக்கும் பேச்சைப் பார்த்ததும் சிலவற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. குடும்பத்தோடு கிளம்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எண்ணூர் பக்கம் பாதைகள் கூடுதலாக இருக்கின்றன. அத்திப்பட்டைத் தாண்டினால் இரண்டே பாதை. விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி, நம் வண்டி எல்லாம் அதில்தான் ஓட வேண்டும். அதனால் மேலூருக்கும் பழவேற்காட்டுக்கும் போகிறவர்கள் அட்டவணை நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வண்டிகளே குறைவு. காலையில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் வண்டி காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். முதல் வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும்.

பெண்கள் பெட்டியில் 12 வயதுக்குட்பட்ட பையன்கள் வரலாம், பெரிய ஆண்கள் வரக்கூடாது. குடும்பமாகப் போகும்போது இரண்டாகப் பிரிய வேண்டிவரும். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம் என்பதை ஏறும் முன்பே எல்லோர் வாயாலும் ஒருமுறை சொல்ல வையுங்கள், குழந்தைகள் உட்பட. குழந்தையின் பாக்கெட்டில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். ஏறும்போது பெரியவர் முதலில், நடுவில் குழந்தை, கடைசியில் திடமானவர். வியாசர்பாடி அம்மா சொன்னதைப் படித்த பிறகு இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் பேசின் பிரிட்ஜ். முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே மாறவே கூடாது என்பது என் கருத்து. ஒரு ஸ்டேஷன் கூடுதலாகப் போய், சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இறங்குங்கள். அது கடைசி நிலையம், தண்டவாளம் அங்கே முடிகிறது. கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து இறங்கி அப்படியே தரையோடு நடந்து ஆவடி, திருவள்ளூர் வண்டி நிற்கும் பிளாட்பாரத்துக்குப் போகலாம். ஒரு படி ஏற வேண்டாம். அங்கிருந்துதான் வண்டி கிளம்புகிறது என்பதால் நிதானமாக ஏறி உட்காரலாம். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். திருமுல்லைவாயலில் பாஸ்ட் வண்டி நிற்காது, போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, கோயிலுக்குக் கிட்டே. லிப்ட் இருக்கிறது. தேரடியில் ஏறினால் நேராக சென்ட்ரல், வெளியே வந்தால் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். புதுவண்ணாரப்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறு இல்லை.

பழவேற்காடு போவதென்றால் பொன்னேரியில் இறங்கி பஸ். பறவைக்காகப் போகிறீர்கள் என்றால் குளிர்காலம்தான், கோடையில் பூநாரை இருக்காது. டச்சுக் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் தூண்கள் இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படகுக்காரர் கூப்பிட்டால் குழந்தைகளோடு ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து ஒரே குடும்பத்து ஆட்கள் எத்தனை பேர் போனார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

---

மஞ்சள் போர்டு

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

"மீஞ்சூர்" என்றதும் ஏன் டிரைவர் போன் பண்ணி, கேன்சல் பண்ணச் சொல்கிறார் என்று பலர் கோபப்படுகிறார்கள். திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது. காலி வண்டியோடு அதே லாரி வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். டீசல் எங்கள் காசு. அதனால் ஒரு வழிச் சவாரிக்கு ஆப்பில் போடாதீர்கள். பத்து மணி நேரம், 100 கிலோமீட்டர் என்று பேக்கேஜாகப் பேசிவிடுங்கள், வெயிட்டிங் எவ்வளவு என்பதையும் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். பாதி சண்டை அங்கேதான் வருகிறது.

என் மனதில் நிற்பது வேறு. ஒரு குடும்பம், பழவேற்காடு போனோம். வெயிட்டிங் சார்ஜ் விஷயத்தில் அந்த வீட்டுக்காரருக்கும் எனக்கும் வார்த்தை தடித்துவிட்டது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் தட்டும் சத்தம். அவருடைய அம்மா. வாழை இலையில் புளிசாதம், மேலே ஒரு அப்பளம். "பசியோட ஓட்டக்கூடாதுப்பா, நீயும் ஒரு அம்மா பெத்த பிள்ளைதானே" என்றார். வாங்கிக்கொண்டேன். இறக்கிவிடும்போது வெயிட்டிங் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரரே பணத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனார், நான் சொன்ன தொகையே இருந்தது.

புதுவண்ணை அக்கா, அன்றைக்கு உங்கள் டிரைவரும் உங்கள் அம்மா கையைத் தூக்கியதைக் கண்ணாடியில் பார்த்திருப்பார். எங்களுக்கு அதெல்லாம் தெரியும்.

---

ராயபுரம் பேரன்

யாரும் ராயபுரத்தைச் சொல்லவில்லையே. தாத்தாவோடு பொன்னேரி போகும்போது, "ஏறினா ராயபுரத்துலதான் ஏறணும்" என்று அடம்பிடித்தார். பீச் ஸ்டேஷனிலிருந்து அந்த வழியாக வரும் கும்மிடிப்பூண்டி வண்டிகள் சிலதான். ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். அப்பா டாக்ஸி போடலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தார். தாத்தா அதற்குள் பழைய கட்டடத்தின் தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. தாத்தாவின் அப்பா அந்த நிலையத்தில் மூட்டை தூக்கியவர். அதை அன்றுதான் எனக்குச் சொன்னார். இத்தனை வருடம் அந்தத் தெருவிலேயே இருந்தும் எனக்குத் தெரியாது.

---

புதுவண்ணை மகள்

எல்லோருடையதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வியாசர்பாடி அம்மா எழுதியதில், அந்தப் பெண் தலை பின்னிவிட்டார் என்ற இடத்தில் அழுதுவிட்டார். மஞ்சள் போர்டு அண்ணா, நீங்கள் சொன்னது சரி. அன்றைக்கு எங்கள் டிரைவர் எதுவும் கேட்காமலே இறங்கிப்போய் அம்மாவுக்கு ஒரு டீ வாங்கி வந்தார். நான்தான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

அடுத்து பௌர்ணமி எந்த வெள்ளிக்கிழமை வருகிறது என்று காலண்டரைப் பார்த்து, அம்மாவே எதிர்வீட்டுக்குப் போய், "இந்தத் தடவை உங்களோடதான் வரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மேலூரிலிருந்து திருவொற்றியூர் வரை ரயில், அங்கிருந்து தேரடி மெட்ரோவில் சென்ட்ரல், மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் மறுபடி ரயில் என்று வைத்திருக்கிறோம். திருமுல்லைவாயலிலிருந்து இரவு வீட்டுக்கு மட்டும் வண்டி பேசிவிடப்போகிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும், சீசன் ஐயா. மீஞ்சூரில் காலை வண்டி நிற்கும் பிளாட்பாரத்திலிருந்து படி ஏறாமல் ஆட்டோ நிற்கும் பக்கம் வர முடியுமா?