எடின்பரோவில் விடாத மழை, கையில் 35 பவுண்ட்: இன்று எங்கே போகலாம்?

நானும் என் அறைத்தோழியும் நியூகாசிலில் முதுகலை படிக்கிறோம். ஜனவரித் தேர்வு முடிந்த கையோடு, மலிவாகக் கிடைத்த பேருந்தில் நேற்று மதியம் இங்கே வந்து இறங்கினோம். அப்போது பிடித்த மழை இன்னும் விடவில்லை. சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த குடை பிரின்சஸ் தெருவில் ஒரே வீச்சில் கம்பி பிய்ந்து போனது. ஷூ ஊறிவிட்டது, இருப்பதே ஒரு ஜோடி.

ஆர்தர்ஸ் சீட் மலையும் கால்டன் ஹில்லும் காசில்லாமல் பார்க்கலாம் என்று நம்பித்தான் வந்தோம். 10 மணிக்கு ஹாஸ்டலைக் காலி செய்யவேண்டும், திரும்பும் பேருந்து இரவு 7-க்கு. இருவருக்கும் சேர்த்து 35 பவுண்ட் இருக்கிறது. கோட்டைக்கு டிக்கெட் எடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. மழையில் மலை ஏறலாமா? பைகளை எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (இங்கே 4 வருடமாக இருக்கிறேன்)

ஆர்தர்ஸ் சீட் மலை இன்று வேண்டாம்மா. 251 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் வெறும் பாறை, ஏறியவர்கள் மிதித்து மிதித்து வழவழப்பாகிவிட்டது. நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும், மேலே காற்று ஆளையே தள்ளும்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதீர்கள். நேராக சேம்பர்ஸ் தெருவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அனுமதி இலவசம், 10 மணிக்குத் திறக்கும். குளோனிங்கில் 1996-இல் பிறந்த டாலி ஆடு பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. லூயிஸ் தீவில் கிடைத்த சதுரங்கக் காய்களில் 11 அங்கே உண்டு, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. அவசரப்படாமல் பாருங்கள், அரை நாள் போய்விடும்.

அப்புறம், நீங்கள் வந்திருப்பது ஜனவரி. ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை ஹென்றி வாகன் என்பவர் தேசிய ஓவியக்கூடத்துக்கு எழுதிவைத்தார். வெளிச்சம் படப் பட நிறம் மங்கும் என்பதால், வெயில் குறைந்த ஜனவரியில் மட்டும், அதுவும் இலவசமாகக் காட்டவேண்டும் என்பது அவர் நிபந்தனை. கோடையில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. தவறவிடாதீர்கள்.

பதில் 2

ஷூவை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்தாளை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தாளை மாற்றினால் ஈரத்தை உறிஞ்சிவிடும். முழுதும் காயாது. அதனால் காய்ந்த சாக்ஸுக்கு மேல் ரொட்டிப் பாக்கெட் கவர் ஒன்றை மாட்டி ஷூ போடுங்கள். எனக்கு ஒரு குளிர்காலமே அப்படித்தான் ஓடியது.

பைக்கு லாக்கர் தேடிக் காசு கொடுக்காதீர்கள். காலி செய்த பிறகும் பல ஹாஸ்டல்களில் மாலை வரை வைத்துக்கொள்வார்கள். வரவேற்பில் கேளுங்கள். புதுக் குடையும் வேண்டாம், அதுவும் இதே கதிதான். தலைமூடி வைத்த மழைக்கோட்டே போதும்.

பதில் 3

இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கோட்டையை விடுவதா? கடன் வாங்கியாவது பார்க்கலாமே.

பதில் 1

இன்று எடுக்கவேண்டாம் என்பேன். காற்று மிஞ்சினால் கோட்டையையே மூடிவிடுவார்கள். நியூகாசில் பக்கம்தானே, ஏப்ரலில் வரட்டும். இன்று சனிக்கிழமை, மதியம் 1 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். 1861-இலிருந்து நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கீழே தெருவில் நின்றாலே காதில் விழும்.

கால்டன் ஹில்லை மட்டும் மறக்காதீர்கள். ஏறப் பத்து நிமிடம்தான். மழை விட்டதும் ஓடுங்கள், 4 மணிக்கு மேல் இருட்டிவிடும்.

கேட்டவர் (மாலை 6:20, பேருந்து நிலையத்திலிருந்து)

எல்லோருக்கும் நன்றி. பையை ஹாஸ்டலிலேயே வைத்துக்கொண்டார்கள். ரொட்டிக் கவர் வேலை செய்தது அண்ணா, கால் நனையவே இல்லை.

சதுரங்க ராணியைப் பார்த்துவிட்டுத் தோழியும் நானும் நகரவே இல்லை அக்கா. விரல் உயரம்தான் இருக்கும், அவ்வளவு சின்னது. கன்னத்தில் கை வைத்துக் கண்ணை அகல விழித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காலையில் ஹாஸ்டல் படிக்கட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தது அப்படித்தான்.

டர்னர் ஓவியங்களையும் பார்த்தோம். இரண்டே முக்காலுக்கு மழை விட்டது, கால்டன் ஹில்லுக்கு ஓடினோம். காசு தீர்ந்து 1829-இல் பாதியில் நின்றுபோன நினைவுச்சின்னத்தின் 12 தூண்களும் ஈரத்தில் கறுத்து நின்றன, பின்னால் கடல் வெளிச்சமாகத் தெரிந்தது. இருபது நிமிடம் இருக்கும், மறுபடி பிடித்துக்கொண்டது.

சூடாகச் சோறும் பருப்பும் சாப்பிட்டது போக 14 பவுண்ட் மீதி. அதைக் கோட்டைக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.