பழைய பத்திரத்தில் 'இன்ட்ரஸ்ட்' என்றால் என்ன?

கண்டனூர்க்காரன்:
பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரண்டாங்கட்டு அறையைத் திறந்து சுத்தம் செய்தோம். தகரப் பெட்டியின் அடியில், பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்து ஈட்டுப் பத்திரம் (அடமானப் பத்திரம்) ஒன்று கிடைத்தது. மடிப்பெல்லாம் விட்டுப்போய், பின்னால் வெள்ளைத் துணி ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில், கடன் வாங்கியவர் தன் நிலத்தில் உள்ள 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்' எல்லாவற்றையும் ஈடு வைப்பதாக வருகிறது. நாலு வரி தள்ளி மறுபடியும் 'இன்ட்ரஸ்ட்'. அங்கே மாதம் நூற்றுக்கு 1½ ரூபாய் என்று இருப்பதால் வட்டி என்று புரிகிறது. மேலே இருப்பது என்ன? நிலத்துக்கு ஏது வட்டி? மகள் அகராதியைப் பார்த்து 'ஆர்வம்' என்கிறாள், அதுவும் ஒட்டவில்லை. பாட்டையா கைபட்ட தாள். ஒரு சொல்லைக்கூடத் தப்பாகப் படிக்க மனம் வரவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
கீழே இருப்பது வட்டிதான் தம்பி. அந்தக் காலத்தில் ரங்கூனில் நம் நகரத்தார் கோவிலில் கூடிப் பேசித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடாதே, புழுங்கிவிடும்.

தேவகோட்டை பத்திர எழுத்தர்:
மேலே இருப்பது பாத்தியம். கிரயப் பத்திரத்தில் 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று எழுதுகிறோமே, அதே பாத்தியம். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், ஓர் அறை உங்களுக்கு, மற்றவை பங்காளிகளுக்கு. உங்கள் அறை வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கலாம். ஆனாலும் வீட்டை முழுதாக விற்க வேண்டுமென்றால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பிடிப்புதான் இன்ட்ரஸ்ட். ஈடு பிடித்தவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆனால் கடன் தீரும்வரை அவருக்கும் அதில் ஒரு பிடிப்பு உண்டு. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம், 58-ஆம் பிரிவைப் படியுங்கள். அடமானம் என்பதே சொத்தில் உள்ள ஓர் இன்ட்ரஸ்டை மாற்றிக் கொடுப்பது என்கிறது. அசலும் வட்டியும் சேர்ந்ததே அடமானப் பணம் என்று சொல்லும்போது, வட்டிக்கும் அதே சொல். முப்பது வருடம் பத்திரம் எழுதியும் எனக்கு அலுக்காத பிரிவு அது.

காரைக்குடி ஆசிரியை:
லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையில், 'எஸ்ஸே' என்றால் இருத்தல். பாத்தியம், வட்டி, ஆர்வம் என்று இன்ட்ரஸ்டுக்கு உள்ள மூன்று பொருளும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. அப்புறம், 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பதை ஆர்வமில்லாதவர் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதற்கு 'அன்இன்ட்ரஸ்டட்' இருக்கிறது. பாகப் பிரிவினையில் தனக்கென்று எந்தப் பங்கும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர்தான் டிஸ்இன்ட்ரஸ்டட்.

கண்டனூர்க்காரன்:
நன்றி ஆச்சி, நன்றி அண்ணே, நன்றி டீச்சர். உறையை எடுத்துவிட்டேன். 'நிலத்தில் எனக்குள்ள உரிமையும் பாத்தியமும்' என்று தனித்தாளில் பென்சிலால் எழுதி, பத்திரத்தோடு துணியில் சுற்றி வைத்தாயிற்று.